அக்காவுக்கு எழுத்துச் சொல்லித்தருவது

குழந்தைக்குக் கற்பிப்பவருக்கு வயதே ஓர் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்த அதிகாரம் சரிதானா என்று யாரும் கேட்பதில்லை. முதியோர் வகுப்பில் நிலைமை வேறு. இருபது வயதுக் கல்லூரி மாணவியின் முன்னால் ஐம்பது வயதுப் பெண் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்கிறார். பிள்ளை பெற்று, கடன் அடைத்து, ஒரு குடும்பத்தைக் கரைசேர்த்தவர் அவர். அவரைச் சிறுமைப்படுத்தாமல் அவருக்குக் கற்றுத்தர முடியுமா? முதியோருக்குக் கற்பிக்க வருகிறவர்களுக்கான பயிற்சி இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆண்களில் 86.77 விழுக்காட்டினர் எழுத்தறிந்தவர்கள், பெண்களில் 73.44 விழுக்காட்டினர். இந்த இடைவெளிக்குள் இருக்கும் பெண்களை விசைத்தறிக்கும் பனியனுக்கும் பேர்போன சாமளாபுரம் வட்டாரத்தில் செக்கிங்கிலும் கைமடியிலும் பிசிர் வெட்டும் இடத்திலும் பார்க்கலாம். இன்றைக்கு எத்தனை டஜன் முடிந்தது, பீஸ் ரேட்டில் எவ்வளவு வரவேண்டும், முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்ற கணக்கு அவர்கள் மனத்திலேயே இருக்கிறது. அவர்களிடம் "ஒன்று, இரண்டு சொல்லுங்கள்" என்று தொடங்குபவள் முதல் நாளே அவர்களை இழந்துவிடுவாள். "இந்த வாரக் கணக்கைச் சொல்லுங்க அக்கா" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினால், தான் அறிந்ததற்கு ஒரு வடிவம் இருப்பதை அவர் காண்பார். பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே 1960களில் கற்பவர்களின் பேச்சிலிருந்தே பாடத்துக்கான சொற்களைத் திரட்டியதன் பொருளும் இதுதான்.

நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு. 1990களில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து நடத்திய அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் தொண்டர்கள் தெருவிளக்கடியிலும் திண்ணையிலும் பாடம் நடத்தினார்கள். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டையில் எழுத்தோடு சேர்ந்து சைக்கிளும் பெண்களிடம் வந்தது. சைக்கிள் ஓட்டக் கற்றவர்கள், பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திராமல் வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள்.

ஆனால் அன்பும் ஆர்வமும் மட்டும் ஆசிரியையை உருவாக்கிவிடாது. கொங்கு நாட்டின் "வாங்க" மரியாதைக்குப் பேர்போனது. அந்த "ங்க" எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. அருந்ததியர் தெருவின் மூத்த பெண்ணைப் பண்ணையக்காரர் வீட்டுச் சிறுபிள்ளைகூடப் பேர்சொல்லி அழைத்த வழக்கம் நம் பாட்டிமார் காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஆகவே, யாரை எப்படி அழைப்பது, வகுப்பை எந்தத் தெருவில் வைப்பது, எந்தத் திண்ணையில் எல்லோராலும் கூச்சமில்லாமல் உட்கார முடியும் என்பவை பயிற்சியின் முதல் பாடங்கள். அந்தத் தெருவிலிருந்தே ஒரு பெண் ஆசிரியையாக வந்தால், அவளிடம் மற்றவர்கள் கற்க வருவார்களா என்பதையும் பேசித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது கையெழுத்து. "கைநாட்டு" என்பதை வசவாக வைத்திருக்கும் சமூகத்தில், தன் பெயரைத் தானே எழுதும் பெண்ணின் மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில் ஆபத்து இருக்கிறது. கைரேகை வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக்காட்டி, சாட்சி வைப்பது வழக்கம். கையெழுத்துப் போடுபவருக்கு யாரும் படித்துக்காட்டுவதில்லை. தெரிந்துதான் போட்டார் என்று கொள்ளப்படும். குழுக்கடன் படிவத்தில் அந்தக் கையெழுத்து பக்கத்து வீட்டுக்காரியின் தவணைக்கும் அவரைப் பொறுப்பாளியாக்குகிறது. பெயர் எழுத மட்டும் சொல்லித்தந்து அனுப்பினால், இருந்த சிறு பாதுகாப்பையும் நாம் பறித்துவிடுகிறோம். "படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்" என்று சொல்லும் துணிவு வரும்வரை பாடம் முடியவில்லை.

அந்தத் துணிவு எங்கே போகும் என்பதை ஆசிரியை தீர்மானிக்க முடியாது. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தால் சீரழியும் குடும்பத்தின் கதையைப் படித்த பெண்கள், சாராயக் கடைகளை மூட எழுந்தார்கள். 1993இல் அம்மாநிலம் சாராயத்தைத் தடைசெய்தது. 2017 ஏப்ரலில் சாமளாபுரத்தில் மதுக்கடையை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்த பெண்களில் ஒருவரைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. எதிர்க்க யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. கற்பிக்க வருகிறவள் இதை மனத்தில் வைக்கவேண்டும்: பேசத் தெரியாதவர்களுக்குப் பேச்சுக் கொடுக்க அவள் வரவில்லை. அவர்களுடைய பேச்சு மனுவாக, ரசீதாக, வாசிக்கக்கூடிய சம்பளச் சீட்டாக மாற உதவவே வருகிறாள்.

2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. பெண்களின் உழைப்பைச் "சேவை" என்று சொல்லிக் கூலியில்லாமல் வாங்குவது நமக்குப் புதிதல்ல. அதையும் கேட்கத்தான் வேண்டும். இருந்தும், தன்னார்வலராகப் போக நினைக்கும் மாணவிகளுக்கு என் யோசனை ஒன்று. முதல் வாரம் பாடப்புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஷிப்டு முடிந்து வரும் அக்காவிடம் துணியில் ஓட்டை எப்படிக் கண்ணில் படுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்லித்தரும்போது உங்களுக்கு உடனே பிடிபடாது. அப்போது அவர் உங்களை எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். அடுத்த வாரம் நீங்கள் சாக்பீஸை எடுக்கும்போது அது உதவும்.