சாட்சியின்றித் தீர்ப்புக் கூறலாமா?

வாயில்லாப் பிராணியின்மேல் குற்றஞ் சாட்டுவது மிக எளிது. மறுத்துரைக்க அதற்கு நாவில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசும்போது நாம் சாட்சி தேட வேண்டியதில்லையா?

குரங்கு என்றாலே திருடன் என்கிறோம். நம் பினாங்கில் யாவரும் அறிந்த குரங்குகள் இரண்டு. தண்ணீர்மலைத் தாவரப் பூங்காவில் தின்பண்டத்துக்குக் கை நீட்டுவது நீண்ட வாலுள்ள கெரா. மூக்குக்கண்ணாடி அணிந்தாற்போல் கண்ணைச் சுற்றி வெண்வளையமுள்ள லோத்தோங்கோ, பெரும்பாலும் இலையும் தளிரும் தின்று மரத்திலேயே வாழ்வது. 2020-இல் அது அருகிவரும் இனமென்று உலகப் பட்டியலில் ஏறிற்று. ஒன்றின் பழியை மற்றதன்மேல் போடுவது நீதியாகுமா?

லோத்தோங்கின் காட்டைச் சாலைகள் துண்டாடின. தெலுக் பஹாங்கில் சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டு மாண்டன. 2016-இல் தோன்றிய ‘லங்கூர் பிராஜெக்ட் பினாங்கு’ என்னும் குழு, 2019-இல் அச்சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு ஒரு பாலம் அமைத்தது. அத்துடன் நில்லாமல் தானியங்கிக் கேமராவையும் வைத்தது. உடற்சூடுள்ள உயிர் முன்னே அசைந்தால் அது தானே படம் பிடிக்கும். லோத்தோங், கெரா, அணில் மூன்றும் பாலத்தைக் கடந்தது இவ்வாறே தெரிந்தது. பொதுமக்களில் பலர் தொண்டர்களாய் இக்குழுவுடன் சேர்ந்து, குரங்குகளைக் கவனித்துக் குறிப்பெழுதுகின்றனர்.

“பாலம் கட்டியாயிற்று, பிறகு எண்ணுவானேன்?” என்று சிலர் கேட்கலாம். வியாபாரிகளான நமக்கு இதன் விடை தெரியாததன்று. கடை திறந்துவிட்டதாலேயே லாபம் வந்ததாகப் பேரேட்டில் எழுதுவோமா? வரவில்லாத நாளையும் எழுதுவதே நேர்மையான கணக்கு. நல்லெண்ணத்தோடு செய்தோம், ஆகவே பயன்பட்டிருக்கும் என்று எண்ணுவது நம்மை நாமே மெச்சிக்கொள்வதாகும். காற்றில் இலை அசைந்து விழுந்த வெறும் படத்தையும் பொறுமையாகப் பார்த்து ஒதுக்குகிறவரே உண்மைக்குத் தொண்டு செய்கிறார்.

பிறரைப் பழிக்கவும் சாட்சி வேண்டும்; நம் தருமத்தைப் புகழவும் சாட்சி வேண்டும். முன்னதை ஒப்புக்கொள்வோர் பலர், பின்னதை ஒப்புக்கொள்வோர் சிலரே.

கேமரா கண்டதை மட்டும் சொல்லும். செய்ய வேண்டியதைச் செய்வது நம் பொறுப்பு. குரங்குக்குத் தீனி போடாதிருப்போம். கடைக் குப்பையை மூடி வைப்போம். பத்து பெரிங்கி தாண்டிச் செல்கையில் வண்டியை மெதுவாக ஓட்டுவோம். இம்மூன்றுக்கும் காசு செலவில்லை.