உயிருக்கு எந்தத் திணை?

தமிழ் இலக்கணம் உலகிலுள்ள பொருள்கள் அனைத்தையும் உயர்திணை, அஃறிணை என்னும் இரண்டில் அடக்குகிறது. ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றும் உயர்திணைக்கு உரியவை; ஒன்றன்பால், பலவின்பால் இரண்டும் அஃறிணைக்கு உரியவை. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒப்பிக்கும் பாடம் இது. இதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரு பொருளை ‘உயர்ந்தது’ என ஒதுக்கி வைப்பது எதைக் கொண்டு? உயிரையா, அறிவையா, பிறவியையா, அல்லது பேசுகிறவரின் மனத்தையா?

நூல்கள் இதற்கு ஒரே விடை தரவில்லை. தொல்காப்பியம் மக்களாகச் சுட்டப்படுவதை மட்டும் உயர்திணை என்று கொண்டு, ஏனையவற்றை அஃறிணை என்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்த்தார். பவணந்தியார் சமணர். சமண நெறிப்படி உயிர் வினைக்கேற்ப தேவகதி, மக்கட்கதி, விலங்குகதி, நரககதி என்னும் நான்கில் சுழல்கிறது. அந்த நான்கில் மூன்றை அவர் உயர்திணைக்குள் கொண்டுவந்தார். விலங்குகதியை வெளியே விட்டார்.

சமணத்தின் பார்வையில் இது எளிதாக விளங்கும் செயல் அல்ல. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணத்தில் விலங்குகளுக்கும் இடம் உண்டு என்பது அந்தச் சமய மரபு. நன்னூலே உயிர்களைப் புலனறிவால் ஐந்தாகப் பிரிக்கும்போது தேவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை எல்லாவற்றையும் ஐயறிவுயிர் என்று ஒரே வரிசையில் வைக்கிறது. தொல்காப்பிய மரபியலோ புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டு நாலறிவு, விலங்கு ஐயறிவு என ஏறிப் போய், மனத்தை ஆறாம் அறிவாகச் சேர்த்து மக்களைத் தனியே நிறுத்தும். தொல்காப்பியருக்கு மக்களின் தனி உயர்வுக்கு ஆறாம் அறிவைக் காரணமாகக் காட்ட முடியும். அறிவில் மனிதனையும் மாட்டையும் சமமாக வைத்த பவணந்தியாருக்கு அந்தக் காரணம் கிடையாது. அப்படியிருந்தும் மாடு அஃறிணையாகவே நிற்கிறது.

காரணம் பேச்சில் இருக்கிறது. தேவர் ‘வந்தன’ என்று யாரும் சொல்வதில்லை; நரகர் ‘துன்புற்றன’ என்றும் சொல்வதில்லை. மாடுகள் ‘வந்தார்கள்’ என்பதும் வழக்கில் இல்லை. சமய நூல் என்ன சொன்னாலும் இலக்கணம் வழக்கைத்தான் எழுத வேண்டும் என்பதில் பவணந்தியார் உறுதியாக இருந்திருக்கிறார். தம் கொள்கையைச் சூத்திரத்தில் திணிக்காத இந்த நேர்மை அந்த நூலின் பெருமைகளில் ஒன்று. ஆகவே திணையை உயிர்நூல் வகைப்பாடாகவோ சமயத் தரவரிசையாகவோ கற்பிப்பது பொருந்தாது.

இதைவிடக் கடினமான இடம் உயிர் என்னும் சொல்லே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் பத்துப் பெயர்களைத் தனியே எடுத்துப் பேசுகிறது. உயிர், உடம்பு, உலகம், காலம், சொல், வினை, ஞாயிறு, திங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவை உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் ஆண், பெண் எனப் பால் பிரிந்து வாரா. அஃறிணை முடிபே கொள்ளும். காலம் என்பதைக் காலக் கடவுள் என்றும் சொல் என்பதை நாமகள் என்றும் உரையாசிரியர்கள் விளக்கினார்கள். தெய்வமே ஆனாலும் ‘காலம் வந்தது’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘உயிர் போயிற்று’ என்கிறோம். ‘உயிர் போனான்’ என்பதில்லை. ‘உடம்பு இளைத்தது’ என்கிறோம். அந்த உடம்புக்கு உரியவரைப் பற்றியோ ‘இளைத்தார்’ என்கிறோம்.

இந்த மூன்று வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிக்கல் கண்முன் வரும். உயிர் அஃறிணை முடிபு கொள்கிறது, உடம்பும் அப்படியே. இரண்டும் சேர்ந்த கந்தன் மட்டும் ‘வந்தான்’ என்று உயர்திணை ஆகிறான். இரண்டிலும் இல்லாத பால் கூட்டில் எங்கிருந்து வந்தது? சமணம், சைவ சித்தாந்தம் இரண்டும் இங்கே ஏறத்தாழ ஒரே திசையில் நடக்கின்றன. ஆண், பெண் என்பது உயிரின் இயல்பு அன்று; வினையால் வந்து சேர்ந்த பிறவியின் அடையாளம். அதிலும் சைவ சித்தாந்தம் உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்று சொல்கிறது: மலத்தைச் சார்ந்தால் மலத்தின் தன்மை, இறையைச் சார்ந்தால் இறையின் தன்மை. தனக்கென ஒரு பால் விகுதி இல்லாத பெயரின் நிலையும் அதுதான். இலக்கணத்தையும் சித்தாந்தத்தையும் ஒருவரே எழுதிய வரலாறும் தமிழில் உண்டு. 1785இல் மறைந்த சிவஞான முனிவர் தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் விருத்தி எழுதினார். நன்னூலின் விருத்தியுரையைத் திருத்தினார். சிவஞான போதத்துக்கு மாபாடியம் செய்தார். அந்தச் சிவஞான போதத்தின் முதற் சூத்திரமே உலகத்தை ஆண், பெண், அஃறிணை ஆகிய மூன்று சுட்டுப்பெயர்களால் பகுத்துக்கொண்டுதான் இறைவன் உண்டென்று நிறுவத் தொடங்குகிறது.

இறைவனுக்கு வரும்போது தொல்காப்பியம் மிகவும் நிதானமாக நடக்கிறது. பேடியைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கென ஈறு இல்லை. அவை உயர்திணை ஈறுகளைக் கொண்டே பால் உணர்த்தும் என்கிறது. தெய்வம் உயர்திணையா, அதற்கும் அப்பாலா என்று நூல் தீர்ப்புச் சொல்லவில்லை. தெய்வத்தைப் பற்றிப் பேச மனிதனுக்கு உரிய விகுதியைத் தவிர வேறு கருவி மொழியில் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறது. திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் நம்மாழ்வார் இறைவனை ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, இரண்டும் அல்லாததும் இல்லை என்று மறுத்துக்கொண்டே போகிறார். ஆண் என்பதை மறுக்கும் அந்தக் குறிப்பு வினைமுற்று ‘அன்’ என்னும் ஆண்பால் விகுதியில்தான் முடிகிறது. பாலை மறுக்கும் வாக்கியமும் பால் காட்டாமல் நிறைவுபெறாத மொழி இது. ஆழ்வார் அதைத் தவிர்க்க முயலவில்லை; அந்த இயலாமையையே பாடலின் ஆற்றலாக்கினார்.

இன்றைய வழக்கிலும் ஒவ்வொரு சமயமும் தன் கொள்கைக்கேற்ற விகுதியைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. அல்லாஹ் தமிழில் ‘அவன்’. ஒருமை கெடக் கூடாது என்பதால் மரியாதைப் பன்மையைக்கூட முஸ்லிம்கள் அங்கே சேர்ப்பதில்லை. கிறித்தவ விவிலிய நடையில் ‘தேவன்’ என்னும் ஒருமைப் பெயர் ‘சொன்னார்’ என்று ஆர் விகுதியில் முடிகிறது. சைவ, வைணவப் பாடல்களில் ‘அவன்’ உரிமையின் குரல். கோயில் வாசலில் பேசும்போதோ ‘சாமி இருக்கார்’.

திணையும் பாலும் பொருளில் மட்டும் இல்லை, பேசுகிறவரின் நெஞ்சிலும் இருக்கின்றன என்பதை இலக்கணிகள் வழுவமைதி என்ற பெயரில் ஒப்புக்கொண்டார்கள். வழு என்பது பிழை. காரணம் கருதி ஏற்கப்படும் பிழை வழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்தால் திணையும் பாலும் மாறினாலும் அது இயல்பே என்கிறது நன்னூல். மேய்ச்சலிலிருந்து திரும்பும் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொல்வது உவப்பால் வந்த திணை வழுவமைதிக்கு வழக்கமான எடுத்துக்காட்டு. மாணவர் விடைத்தாளில் ‘எங்கள் லட்சுமி கன்று போட்டாள்’ என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கும் முன் ஆசிரியர் இந்தச் சூத்திரத்தை நினைக்க வேண்டும்.

குழந்தை, அரசு, குழு முதலிய பெயர்களோ உயர்திணைப் பொருளைக் குறித்தும் ‘அழுதது’, ‘வந்தது’ என்றே முடிகின்றன. இதில் இழிவு எதுவும் இல்லை. பேடு பற்றிய நன்னூல் விதியை அப்படிச் சொல்ல முடியாது. ஆண்மை விழைவோரை ஆண்பாலிலும் பெண்மை விழைவோரைப் பெண்பாலிலும் சேர்த்துவிட்டு, இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று அது முடிக்கிறது. விழைவைக் கொண்டு பாலை அறிவது நுட்பமான பார்வை. மனிதரை அஃறிணையாக்கும் கடைசிப் பகுதியை அக்கால வழக்கின் பதிவாக மட்டுமே வகுப்பில் விளக்க வேண்டும். இன்றைக்குரிய விதியாக அல்ல. திருநங்கை ‘வந்தார்’ என்பதே இன்றைய வழக்கு, இலக்கணமும் வழக்கின்படியே செல்லும்.

செறலும் இழிப்பும் அதே ஐந்தில் இருப்பதை மறக்கக் கூடாது. வேலைக்காரரைக் காணோம் என்று எரிச்சலில் ‘அது எங்க போய்த் தொலைஞ்சுது’ என்று ஒருவர் கேட்பதும், பசுவை அம்மை என்பதும் ஒரே சூத்திரத்தில் அமைதி பெறுகின்றன. சூத்திரம் இரண்டையும் ஒரே சொல்லால் இயல்பு என்கிறது. ஒன்று அன்பு, மற்றது அவமதிப்பு என்ற வேற்றுமையைக் காரணப் பெயர்களில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் எது தகும், எது தகாது என்பதை அறநூல்களின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.