நாலு பேர் தூக்காமல்

நடக்க முடியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு காடு, மலை, அருவி என்று கிளம்பப் போவதாகச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. "அதுக்கென்ன, நாலு பயலுக சேந்து தூக்கிட்டுப் போயிருவோம்" என்பார்கள். வெறும் வாய்ச்சொல்லும் அல்ல, சொன்னபடி வந்து தூக்குவார்கள். இந்த நல்ல மனசைப் பற்றித்தான் எனக்கு ஒரு சந்தேகம். தூக்க ஆள் கிடைப்பதாலேயே, தூக்காமல் போக ஒரு வழி வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வராமல் போய்விட்டதோ?

எங்கள் பண்ணைப்புரத்தில் நின்று மேற்கே திரும்பினால் மலைதான். என் பெரியம்மா அந்த மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கேரள எல்லை தாண்டி, மழையிலும் அட்டைக்கடியிலும் காய் பறித்து, இருட்டும் நேரம் வீடு திரும்புவார். அத்தனை வருஷம் மலையில் கழித்தும் மலையை அவர் வேடிக்கை பார்த்ததில்லை. கூலிக்குப் போனவருக்கு வேடிக்கை ஏது? வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டார்: "வேலைக்கு இல்லாம, சும்மா ஒரு தடவ மலையப் பாத்துட்டு வரணும்யா."

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சுருளி அருவி. ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்கச் சனம் திரளும் இடம். ஆனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அருவிக்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அருவியை நெருங்கினால் படிகளும் ஈரப்பாறையும். வழக்கம்போலத் தூக்குவதற்கு ஆள் பேசினோம். பெரியம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாலு பேரு தூக்குற நாளு தானா வரும். அதுக்கு இப்பவே எதுக்குய்யா ஒத்திகை?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பேச்சில் இருந்தது வேடிக்கை மட்டுமல்ல. தூக்கிச் செல்லப்படுகிறவருக்கு எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதில் சொல் இல்லை. வியர்த்து நிற்கும் பையன்களைப் பார்த்துக்கொண்டு "இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்" என்று எப்படிச் சொல்வது? ஒருமுறை போய் வந்தால் அடுத்தமுறை கேட்கக் கூச்சம் வந்துவிடும். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு அலைச்சல் ஆகாது" என்பார்கள். அதை நாமும் உண்மை என்று நம்பிக்கொள்வோம், அது நமக்கும் வசதி என்பதால். இப்படி வீட்டுக் காவலுக்கு விடப்பட்ட ஒருவர் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

பக்கத்தில் இருக்கும் பழனியைப் பாருங்கள். மலையேற முடியாதவர்களுக்கு 1966 முதல் விஞ்ச் எனப்படும் இழுவை ரயில் ஓடுகிறது, 2004இல் ரோப் காரும் வந்தது. விஞ்சில் போனவருக்குப் புண்ணியம் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. சாமி கும்பிடுவது எல்லோருக்கும் உரியது என்று நினைத்தோம், வழி செய்தோம். மரத்தடியில் உட்காருவதும் சாரலில் முகம் நனைவதும் எல்லோருக்கும் உரியவை என்று இன்னும் நினைக்கவில்லை. பக்திக்கு வழிவிட்ட நாம், ஆசைக்கு, அதிலும் வயதானவர்களின், உடல் முடியாதவர்களின் ஆசைக்கு, வழிவிடத் தயங்குகிறோம்.

சென்னை மெரினாவில் அந்தத் தயக்கம் உடைந்தது. மாற்றுத்திறனாளிகள் அலையருகே போவதற்கு சில ஆண்டுகள் டிசம்பர் 3ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். விடாமல் கேட்டதன் பலனாக 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். மணலில் முடிந்தது மண்ணில் முடியாதா?

காட்டை வெட்டிச் சிமெண்ட் சாலை போடச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. எங்கள் பள்ளத்தாக்கை ஒட்டிய மேகமலைக் காடுகள் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே யானைக்கும் புலிக்கும்தான் முதல் உரிமை. ஆனால் மனிதர்களுக்கென்று ஏற்கெனவே திறந்துவிட்ட இடங்களில், கடைகளும் கழிப்பறைகளும் கட்டிய இடங்களில், சக்கரம் உருள ஒரு பாதையும் கைப்பிடியும் கேட்பதால் எந்த மரமும் சாயாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களுக்கு இதைக் கடமையாக்கியிருக்கிறது. இந்த அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பாதை வரும்போது வரட்டும். அதுவரை கிளம்புகிறவர்கள் கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழக வேண்டும். "வீல்சேர் போகுமா?" என்று போனில் கேட்டால், "தாராளமா வாங்க" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு. வண்டி எதுவரை போகும்? அங்கிருந்து எவ்வளவு தூரம்? தரை மண்ணா, கல்லா? எத்தனை படி? கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையுமா? "சறுக்குப்பாதை இருக்கு" என்றாலும் சரிவைக் கேளுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அரையடி உயரப் படிகள் பத்து இருந்தால் அறுபது அடி நீளம் வேண்டும். படியின் மேலேயே சிமெண்டைப் பூசி வைத்தால் அது கீழே தள்ளிவிடுவதற்கான வழி.

கழிப்பறைப் பேச்சைக் கூச்சப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். வெளியூர்ப் பயணம் என்றால் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். தாகத்தோடு பார்க்கும் அருவியில் என்ன சுகம்? வழியில் இருக்கும் உறவினர் வீடோ, கழிப்பறை வசதியான ஓட்டலோ, வண்டியில் ஒரு கமோடு நாற்காலியோ, ஏதாவது ஒன்றை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைசியில் நாங்கள் சுருளியை விட்டுவிட்டு, சின்னமனூரிலிருந்து மேகமலைக்குக் காரில் ஏறினோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, தலையணை வைத்துப் பெரியம்மாவை உட்கார வைத்திருந்தோம். பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்த ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சோதனைச்சாவடி மூடுமுன் இறங்க வேண்டுமே என்று நாங்கள் அவசரப்பட்டபோது, "இருங்கய்யா, பாத்துக்கிறேன்" என்றார். யாருடைய தோளும் வலிக்காததால்தான் அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடிந்தது. எங்கே போனோம் என்பதைவிட, அங்கே நிற்கலாமா திரும்பலாமா என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே பயணத்தின் அளவுகோல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

உங்கள் வீட்டிலும் "நீங்க போயிட்டு வாங்க" என்கிறவர் ஒருவர் இருப்பார். அடுத்த பயணத்தை அவரிடமிருந்து தொடங்குங்கள். எங்கே போக ஆசை என்று முதலில் அவரைக் கேளுங்கள், பிறகு வழியைத் தேடுங்கள். பூங்காவையும் அருவியையும் நிர்வகிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாதை போட நிதி வர நாளாகலாம். அதுவரை எவ்வளவு தூரம், எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் என்பதை நுழைவாயிலில் ஒரு பலகையில் உள்ளது உள்ளபடி எழுதி வையுங்கள். அதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும்.