சிரட்டையும் லீலையும்

கேரள–தமிழக எல்லையில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களின் வீட்டு முற்றங்களில் இரண்டு வயதுக் குழந்தை சிரட்டையில் மண்ணை நிரப்புவதும் கவிழ்ப்பதும் மறுபடி நிரப்புவதுமாக முற்பகல் முழுவதையும் கழிக்கும்போது, அதனால் என்ன பயன் என்று எழும் கேள்வி வேதாந்தத்தின் பழைய வினாவாகவே விரிகிறது. குறையற்ற பிரம்மம் உலகை எதற்காகப் படைத்தது என்ற ஐயத்திற்குப் பிரம்மசூத்திரம் தரும் விடை லீலை, அதாவது பயன் கருதாத விளையாட்டு.

இந்த விளையாட்டைப் பிள்ளை வடிவத் தெய்வத்திடமே காணும் வழக்கும் இங்கு உண்டு: திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் (ஆட்சி 1729–1758) எழுப்பியதாகக் கூறப்படும் நெய்யாற்றின்கரைக் கோயிலில் கண்ணன் இரு கைகளிலும் வெண்ணெயேந்திய பிள்ளையாகவே வணங்கப்படுகிறான். தெய்வத்தைக் குழந்தையாகப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் இன்னும் நுட்பமானது. சிறுமியர் கட்டிய மணல்வீட்டை ஆண்பிள்ளை சிதைப்பதையே அது ‘சிற்றில்’ என்னும் தனிப்பருவமாக்கியது.

ஆயினும் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பிரம்மத்தின் ஆட்டத்திற்குப் பார்ப்பவர் வேண்டியதில்லை. குழந்தையோ ஒவ்வொரு முறை கவிழ்த்த பின்னும் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தைத் தேடுகிறது.