‘ஈ’யும் ‘தா’வும்: பணித்தேர்வில் தகவமைப்புக் கோரலின் அறம்

முன்னுரை

ஆட்டிசம், கற்றல் குறைபாடு, கவனக்குறைவு முதலியன உடையோரின் மூளை, பெரும்பான்மையோரினின்று வேறுபட்டு இயங்குகிறது. இவ்வேறுபாட்டை நரம்பியல் பன்மை என்பர். இத்தகையோர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது கூடுதல் நேரம், அமைதியான அறை, எழுத்து வடிவில் வினா போன்றவற்றைக் கேட்க நேர்கிறது. இவ்வாறு கேட்பது இரத்தலா, உரிமை கோரலா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கேட்டலின் இலக்கணம்

தொல்காப்பிய எச்சவியல் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இரவின்கண் வரும் சொற்களாகக் கொள்கிறது. அவற்றுள் ‘ஈ’ தாழ்ந்தோனுக்கும், ‘தா’ ஒத்தோனுக்கும், ‘கொடு’ உயர்ந்தோனுக்கும் உரியன. கேட்கப்படும் பொருள் ஒன்றே ஆயினும், கேட்போன் நிற்கும் நிலையே சொல்லை முடிவு செய்கிறது. தேர்வில் கேட்கப்படும் அரைமணி நேரமும் அத்தகையதே. ‘ஈ’ எனக் கேட்க வைத்தால் அது சலுகையாகிறது. ‘தா’ எனக் கேட்க இடமளித்தால் சமன்மையாகிறது.

சட்டத்தின் நிலை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அளவிறந்த சுமையின்றிப் பிறரோடு சமமாக உரிமைகளைத் துய்க்கச் செய்யும் மாற்றமே நியாயமான தகவமைப்பு என வரையறுக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதன் அட்டவணையில் உள்ளன. எழுதுகையில் கை இயக்கம் தடைப்படும் நரம்பியல் குறைபாடுடைய ஒருவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் பதிலி எழுத்தர் மறுக்கப்பட்டார். விகாஷ் குமார் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், 40 விழுக்காட்டுக் குறைபாடு இருந்தால்தான் எழுத்தர் கிட்டும் என்னும் நிலைப்பாட்டை 11.2.2021 அன்று உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. ‘தா’ என்னும் சொல்லைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது எனலாம்.

நடுவுநிலையும் தடையும்

ஒருவருக்கு மாற்றம் அளிப்பது பிறருக்கு அநீதியன்றோ என்னும் தடை எழலாம். அளக்கப்படும் திறன் வேறு, அளக்கும் கருவி வேறு. சுருக்கெழுத்தர் பணிக்கு விரைவே திறன். அங்கு விரைவைத் தளர்த்துதல் பொருந்தாது. மென்பொருளின் பிழை காண்பவருக்கோ கண்ணோடு கண் நோக்கி உரையாடுதல் திறனன்று, நேர்காணலின் வழக்கம் மட்டுமே. அவ்வழக்கத்தை நீக்குவதால் தகுதி குறைவதில்லை. மறைந்திருந்த தகுதி புலப்படுகிறது. வினைக்குரியவனை ஆராய்ந்து அமர்த்தலைத் ‘தெரிந்து வினையாடல்’ எனத் தனி அதிகாரமாக வகுத்த திருவள்ளுவர் நோக்கும் வினைத்திறன் பற்றியதே.

பெங்களூருச் சான்று

எஸ்.ஏ.பி. நிறுவனம் பெங்களூருவில் ஆட்டிசம் உடைய அறுவரை மென்பொருள் சோதனைப் பணியில் அமர்த்தியது. 2013இல், டென்மார்க்கின் ஸ்பெஷலிஸ்டெர்ன் அமைப்புடன் இணைந்து அம்முயற்சியை உலகளவில் விரிக்கப்போவதாக அறிவித்தது. நேர்காணலை மட்டும் நம்பாது செய்முறைப் பணிகளின் வழித் திறன் காண்பது அவ்வமைப்பின் முறை. எனினும், தகவமைப்பு வழங்குமாறு சட்டத்தின் 20ஆம் பிரிவு வெளிப்படையாகப் பணிப்பது அரசு நிறுவனங்களையே. தனியார் பணிகள் மிகுந்த இந்நகரில் விண்ணப்பதாரர் நிறுவனத்தின் மனப்போக்கை நம்பியே கேட்க வேண்டியுள்ளது. கேட்பதற்கு முதற்கண் தம் நிலையை வெளியிட வேண்டும். வெளியிட்டால் வாய்ப்பே பறிபோகலாம். அவ்வச்சம் உள்ளவரை அவர் வாயில் ‘தா’ என்னும் சொல் ‘ஈ’யாகவே ஒலிக்கும்.

முடிவுரை

ஆகவே, கேட்கும் பொறுப்பு முதலில் நிறுவனத்தையே சாரும். தேர்வு முறையை முன்னரே விளக்கி, ‘உமக்கு வேண்டுவது யாது’ என விண்ணப்பதாரர் அனைவரையும் ஒருங்கே வினவுதல் வேண்டும். எல்லோரும் வினவப்படும்போது ஒருவர் மட்டும் தனித்து நின்று இரக்கும் நிலை நீங்கும். விடையைத் தகுதி மதிப்பீட்டிலிருந்து விலக்கிக் காத்தலும் இன்றியமையாதது. இவ்விரண்டும் அமையுமிடத்தே தகவமைப்பு ஒத்தோர்க்கிடையிலான கொடுக்கல் வாங்கலாகும்.