நாட்டுக்காவலும் உயிர்க்காவலும்

ஊத்துக்கோட்டையினின்று நாகலாபுரஞ் செல்லும் வழியில், ஆரணியாற்றங்கரைக்கண் சுருட்டப்பள்ளி உளது. ஆலமுண்ட பெருமான் அம்மையின் மடிமீது திருமுடி வைத்துப் பள்ளிகொண்ட கோலம் ஆண்டுக் காணப்படும். நஞ்சின் மயக்கம் முதல்வற்கு உண்டோவென வினவுவார்க்கு, இன்றென்பதே சித்தாந்தம்; பிறவுயிர்களைக் காத்தற்குத் தான் நஞ்சேற்ற இரக்கத்தைக் காட்டும் அருட்கோலமென்றே யாம் கொள்வேம். அது நிற்க. அத்தலம் ஆந்திர நாட்டது; ஊத்துக்கோட்டை தமிழ்நாட்டது. 1960-ஆம் ஆண்டில் திருத்தணி இப்பாலும் சத்தியவேடு அப்பாலும் ஆக இங்கு எல்லை திருத்தப்பட்டது. ஆறு மட்டும் மாறிற்றில்லை.

நாட்டுக்காவல் என்புழிக் காக்கப்படுவது யாது? எல்லையும் அரசுமோ, அவற்றுள் வாழும் உயிர்களோ? 1994-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தார் வெளியிட்ட மானிட வளர்ச்சி அறிக்கை, உணவு, உடல்நலம், பிழைப்பு முதலிய ஏழு துறைகளில் மக்கள் அச்சமின்றி வாழ்தலையே காவலென்று கூறிற்று. பாகித்தானப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக் என்பார் அதனை முன்னின்று ஆக்கினார். புதியதொன்றுபோலத் தோன்றினும் நம் நூற்றுணிபிற்கு இஃது அயலன்று. தநு கரண புவன போகங்கள் நான்கும் உயிர் மலநீங்கி உய்தற்பொருட்டு இறைவனால் தரப்பட்டன. ஆகவே, புவனம் உயிர்ப்பொருட்டாயதன்றி உயிர் புவனப்பொருட்டாயதன்று. புவனத்தின் ஒரு கூறாகிய நாடும் அத்தன்மைத்தே. நாட்டிற்காக உயிர்களைப் பட்டினியிடுதல் கருவியைக் காத்தற்கு அதனையுடையானைக் கொல்லுதலோடொக்கும்.

படையின்றி உயிர்கள் எங்ஙனம் பிழைக்குமென்பார் கூற்றும் தள்ளற்பாலதன்று. வேலியின்றிப் பயிர் நில்லாது. ஆயினும் வேலியே பயிரை மேய்தலுமுண்டு. இலங்கையரசு நாட்டொருமையைக் காத்தற்கென நடத்திய போர் 2009-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்குள் அந்நாட்டுக் குடிகளே பல்லாயிரவர் கடல்கடந்து தமிழகம் புகுந்தனர். ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ்வோர் அதற்குச் சான்றாவர். எல்லை காக்கப்பட்டது, இவர் காக்கப்பட்டிலர்.

இனி, ஆற்றிற்கு வருவாம். ஆந்திரப் பகுதியிலுள்ள பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் பெருமழையில் திறந்துவிடப்பட்டபோது ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் நீருள் மூழ்கிப் போக்குவரவு அறுந்த காலங்கள் உண்டு. வெள்ளத்தை எப்படையால் தடுப்பது? அற்றைநாளில் மக்கட்குக் காவலாவது அப்பாலுள்ள அதிகாரி இப்பாலுள்ளார்க்கு உரிய பொழுதில் விடுக்கும் அறிவிப்பே. கிருஷ்ணை நீரின் வரலாறும் இத்தகையது. மராட்டியமும் கருநாடகமும் ஆந்திரமும் தத்தம் பங்கினின்று ஐந்நூறு ஐந்நூறு கோடி கனவடி நீர் விட்டுக்கொடுக்க இசைந்தமையாலன்றோ, 1983-ஆம் ஆண்டின் உடன்படிக்கைவழி அந்நீர் 1996-இல் ஊத்துக்கோட்டையருகே எல்லை கடந்து பூண்டி ஏரியை அடைந்து, சென்னைமக்களின் விடாய் தீர்த்தது? உடன்பட்ட அளவு நிரம்ப வாராத ஆண்டுகள் பல. அக்குறையைத் தீர்த்தற்கும் இரு சாராரும் கூடியிருந்து கணக்கிடுதலே வழியாயிருக்கின்றது.