இரவல் சக்கரம்

பழைய காருக்கு வேறு வண்டியின் சக்கரத்தைப் பூட்டினால், அது அதே கார்தானா என்று தத்துவம் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அக்கறையில்லை. அம்பாஸிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. வைத்திருப்பவர் கிடைத்ததைப் பூட்டி ஓட்டுகிறார். பூட்டட்டும்.

என் விசாரம் வேறு. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய சக்கரம் பூட்டிய வண்டி அதில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. ஆனால் வேகமானி சுற்றுகளைத்தான் எண்ணும். ஒவ்வொரு சுற்றிலும் தூரம் கூடியது அதற்குத் தெரியாது. முள் 40-ல் நிற்கும்போதே வண்டி 40-ஐத் தாண்டியிருக்கும். பிரேக்கின் பிடியும் குறைந்திருக்கும்.

ஓட்டுகிறவருக்கு இது தெரியும், தெரிந்து நிதானிப்பார். பின்சீட்டில் இருப்பவர் முள்ளை நம்பிக் கண்ணயர்கிறார். இரவல் வாங்கியதில் குற்றமில்லை. அவரிடம் சொல்லாமல் ஏற்றிக்கொண்டதுதான் அதர்மம் என்பேன்.